நோ வருவதற்கு முன் எழுதவேண்டிய ஒரு பக்கம்

எட்டாம் மாதத்துப் பெண்ணைப் பார்க்க வருகிற எல்லோரும் அநேகமாக ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எப்ப நாள் சொன்னவை? எந்த ஆஸ்பத்திரி? தொட்டில் வாங்கியாச்சோ? பிரசவ அறையில் உனக்கு என்ன வேண்டும் என்று ஆரும் கேட்பதில்லை. அது டொக்டர்மாரும் தாதி மிஸிமாரும் பார்க்கிற அலுவல், அதில் பிள்ளை பெறுகிறவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்ற நினைப்பு எங்கள் யாழ்ப்பாணத்தில் ஆழ வேரோடியிருக்கிறது. அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதையெல்லாம் நோ வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்றும் நம்புகிறேன். இரண்டாவது பிள்ளைக்காகக் காத்திருக்கும் இந்த நாட்களில் பிரசவத் திட்டம் என்று எனக்கென ஒரு பக்கம் எழுதி முடித்திருக்கிறேன். அது எப்படி எழுதப்பட்டது, எதை விட்டேன், எதை வைத்தேன் என்பதை இதே நிலையில் இருக்கும் மற்றப் பெண்களுக்காகப் பதிந்து வைக்கிறேன்.

பிரசவத் திட்டம் என்ற பழக்கம் அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டளவில் பரவத் தொடங்கியது. பெனி சிம்கின், கார்லா ரெயின்கே என்ற இருவர் தாய்மாருக்காக ஒரு சிறு கையேடு எழுதினார்கள். ஆஸ்பத்திரிக்குள் போகும் பெண் தன் விருப்பங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. ரொறொன்ரோவில் இருக்கும் என் சித்தியின் மகள் தன்னுடைய திட்டத்தை எனக்கு அனுப்பியிருந்தாள். அறையின் வெளிச்சம், பாட்டு, வெந்நீர்த் தொட்டி, கண்ணாடி வைத்துப் பிள்ளை வருவதைப் பார்ப்பது, தொப்புள்கொடியைத் தகப்பன் வெட்டுவது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. அவளுக்குத் தனி அறை இருந்தது, அதனால் அது அவளுக்குப் பொருந்தியது. இங்கே வரிசையாகக் கட்டில்கள், நடுவில் ஒரு திரைச்சீலை. அவளுடையதை அப்படியே பார்த்து எழுதினால் நான் கேட்பதில் பாதி நடக்காது. பாதி நடக்காது என்று தெரிந்ததும் மிச்சப் பாதியையும் வாசிக்க மாட்டார்கள்.

எங்கள் பகுதிக்கு வரும் அரச மருத்துவிச்சி, மிட்வைஃப் அக்காவிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்து, வயிறு பார்த்து, கர்ப்பவதிப் பதிவில் எழுதிவிட்டு அவர் சொன்னார்: "எழுதுங்கோ தங்கச்சி, நல்ல விசயம். ஆனா ஒரு பக்கத்துக்கு மேலை போகக்கூடாது. இரவு வேலையிலை நிற்கிற பிள்ளை அரை நிமிசத்திலை வாசிச்சு முடிக்கோணும். வேண்டாம் வேண்டாம் எண்டு எழுதாதேங்கோ, என்ன வேணும் எண்டு எழுதுங்கோ."

பிறகு என்னோடு இருந்து இரண்டு நிரல் போட்டார். ஒன்று மாறாதவை, மற்றது கேட்கக்கூடியவை. கையில் ஊசிக் குழாய் ஏற்றுவது, பிள்ளையின் இதயத்துடிப்பைக் குறித்த இடைவெளியில் கேட்பது, பிள்ளை பிறந்தவுடன் தாய்க்கு ஒக்சிற்றோசின் ஊசி போடுவது எல்லாம் மாறாதவை. அவற்றில் கை வைக்கவும் கூடாது. பிள்ளைப்பேற்றில் தாய்மார் சாவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கு. அந்த ஊசி கருப்பையைச் சுருங்க வைத்து அதைத் தடுக்கிறது. இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு முப்பதை அண்டிய தாய்மார் இறப்பு என்பது எங்களைச் சுற்றியுள்ள நாடுகளோடு பார்க்கையில் மிகக் குறைவு. வீடு வீடாகச் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் வருகிற இந்த மிட்வைஃப்மார் கட்டி எழுப்பிய காவல் அது. என் பக்கம் அந்தக் காவலோடு சண்டை பிடிக்க எழுதப்பட்டதல்ல.

கேட்கக்கூடியவற்றின் நிரல் நான் நினைத்ததைவிட நீண்டது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் பிரசவகாலப் பராமரிப்புக்கு 56 பரிந்துரைகளை வெளியிட்டது. முதலாவது, தாயை மரியாதையோடு நடத்துவது. இரண்டாவது, அவளுக்கு விளங்கும் விதத்தில் அவளோடு கதைப்பது. மூன்றாவது, அவள் விரும்பும் ஒருவரைத் துணையாக வைத்திருப்பது. மருந்தும் கருவியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அந்த ஒழுங்கைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது. முதற் பிரசவத்தில் நான் கேட்க ஏங்கியவையும் இதே ஒழுங்கில்தான் இருந்தன.

அது எங்கே நடந்தது என்று சொல்லப்போவதில்லை. அப்போது நாங்கள் வேறு மாவட்டத்தில் இருந்தோம். மருத்துவமாகப் பார்த்தால் எல்லாம் சரியாக நடந்தது, பிள்ளையும் நானும் சுகம். ஆனால் உள்ளே கை வைத்துப் பார்ப்பதற்கு முன் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. திரை பாதி திறந்து கிடந்தது. நோவில் சத்தம் போட்டபோது "கத்தாதை, பிள்ளைக்குக் கூடாது" என்று அதட்டினார்கள். வெட்டியதும் தைத்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும். இவை எதுவும் காசு செலவாகிற விசயங்கள் அல்ல. "இப்ப பார்க்கப் போறன் அம்மா" என்று ஒரு வரி சொல்ல எந்த உபகரணமும் தேவையில்லை. அதனால்தான் என் பக்கத்தில் முதலாவதாக அதை எழுதினேன்: தொடுவதற்கு முன் சொல்லுங்கோ, திரையை மூடுங்கோ.

அடுத்தது வெட்டு. பிள்ளை வரும் வாயிலை வெட்டிப் பெரிதாக்குவது எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யவேண்டியதில்லை என்பதும் அந்த 2018 பரிந்துரைகளில் இருக்கிறது. பிள்ளைக்கு மூச்சு முட்டினால் அல்லது ஆயுதம் போட்டு எடுக்கவேண்டி வந்தால் வெட்டவேண்டி வரலாம். ஆகவே நான் "வெட்டக்கூடாது" என்று எழுதவில்லை. அவசியமானால் மட்டும் வெட்டுங்கோ, வெட்ட முன் சொல்லுங்கோ, மரக்க ஊசி போட்டுத் தையுங்கோ என்று எழுதினேன்.

நடமாடுவதும் அப்படித்தான். நோ தொடங்கியதும் மல்லாக்கப் படுக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நிற்கலாம், நடக்கலாம், கட்டிலைப் பிடித்துக் குனியலாம், இடப்பக்கம் சரிந்து படுக்கலாம். ஆபத்து ஏதும் இல்லாத தாய் இடையிடையே குடிக்கலாம், சாப்பிடலாம் என்றும் பரிந்துரை சொல்கிறது. ஆனால் விடுதிக்கு விடுதி நடைமுறை வேறு, கேட்டுத்தான் செய்யவேண்டும். மல்லிக்கோப்பி ஒரு பிளாஸ்க் பையில் இருக்கும், விட்டால் குடிப்பேன்.

நேரத்தைப் பற்றி ஒரு விசயத்தை எல்லாப் பெண்களும் அறிந்திருக்கவேண்டும். கருப்பை வாய் 5 சென்ரிமீற்றர் திறந்த பிறகுதான் உண்மையான வேகப் பருவம் தொடங்குகிறது. அதற்கு முன் எத்தனை மணித்தியாலம் போகும் என்று ஆராலும் சொல்ல முடியாது. வேகப் பருவம் முதற் பிள்ளைக்கு 12 மணித்தியாலம் வரையும், அடுத்த பிள்ளைகளுக்கு 10 மணித்தியாலம் வரையும் எடுக்கலாம். மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் திறக்காவிட்டால் ஏதோ பிழை என்ற பழைய கணக்கை இப்போது உலக சுகாதார நிறுவனமே கைவிட்டுவிட்டது. "இன்னும் மூண்டு தான்" என்று கேட்டு மனம் உடைந்த பெண்கள் எத்தனை பேர்! மூன்றில் நிற்பது தோல்வி அல்ல என்று ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த இரவுகள் வேறாக இருந்திருக்கும்.

நோவுக்கு மருந்து விசயத்தில் பெரிய தெரிவுகள் எங்களுக்கு இல்லை. ரொறொன்ரோவில் கேட்டவுடன் முதுகில் எப்பிடூரல் போடுகிறார்கள். இங்கே அரச ஆஸ்பத்திரிகளில் அநேகமாகக் கிடைப்பது பெதிடின் ஊசி. அது நோவை முற்றாக எடுக்காது, தாங்கும் அளவுக்குக் குறைக்கும். பிள்ளை பிறக்கப்போகும் நேரத்தை ஒட்டிப் போட்டால் பிள்ளை சோர்ந்து, மூச்செடுக்கக் கஷ்டப்படலாம். அதனால் நேரம் பார்த்துத்தான் போடுவார்கள். கேட்கிற நேரத்தில் போடவில்லை என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். நான் எழுதியது: நான் கேட்டால் தாருங்கோ, நேரம் பிந்திவிட்டதென்றால் அதை எனக்குச் சொல்லுங்கோ.

ஊசி இல்லாத நேரத்தில் நோவைத் தாங்க வைப்பது பக்கத்தில் நிற்கும் ஆள்தான். நான் அதிகம் யோசித்ததும் துணை பற்றித்தான். 17 நாடுகளில் 15,000க்கும் அதிகமான பெண்களை வைத்துச் செய்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் விடாமல் பக்கத்தில் இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூட, சிசேரியன் குறைவு, பிரசவ நேரமும் கொஞ்சம் குறைவு. ஒரு மனிசி கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் வரும் பலன் இது. எங்கள் ஆஸ்பத்திரிகளில் துணையை விடுவது இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறுகிறது. அடுத்த கட்டிலிலும் ஒரு பெண் கிடக்கிறாள் என்பதால் ஆண்களை விடுவது அரிது. அது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆகவே பெண் துணை. யார்?

அம்மாதான் வருவா என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அம்மாவில் எனக்கு உயிர். ஆனால் நான் வலியில் முகம் சுளித்தாலே அம்மாவின் கண் கலங்கிவிடும். பிறகு நான் அம்மாவைத் தேற்றவேண்டி வரும். என் மச்சாள், இவருடைய அக்கா, பதறாத மனிசி. நாலு வார்த்தை கதைக்கவேண்டிய இடத்தில் இரண்டோடு நிற்பா. மிஸியிடம் பணிவாகவும் தெளிவாகவும் கேள்வி கேட்பா. துணைக்கு அவ என்று நான் சொன்னபோது வீட்டில் ஒரு சிறு மௌனம். பிறகு அம்மாவே சொன்னா: "அது சரி பிள்ளை. நான் மூத்தவனைப் பார்க்கிறன். அவன் என்னோடைதான் படுப்பான்." பக்கத்தில் நிற்பவர் மிக நெருக்கமானவராக இருக்கவேண்டியதில்லை, அந்த நேரத்துக்குப் பொருத்தமானவராக இருக்கவேண்டும். இந்தப் பேச்சை எட்டாம் மாதத்தில் பேசலாம். ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேச முடியாது.

நான் இப்படித் தாளும் பேனையுமாக இருப்பதைப் பார்த்துத் தொடக்கத்தில் அம்மா கேட்டவதான்: "என்ன பிள்ளை, ஆஸ்பத்திரிக்காரருக்கு நீ சட்டம் போடப்போறியே?" நான் அம்மாவிடம் திருப்பிக் கேட்டேன், என்னைப் பெற முன் நீங்கள் என்ன ஆயத்தம் செய்தீர்கள் என்று.

1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்துக்குப் பயந்து வலிகாமம் முழுக்கத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அம்மாவின் வயிற்றில் நான். நாவற்குழிப் பாலத்தைச் சனநெருக்கத்துக்குள் தாண்டி, மீசாலையில் தெரிந்தவர்களின் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினார்களாம். போய்ச் சேர்ந்த அடுத்த நாள் அம்மா செய்த முதல் வேலை, அந்த ஊரில் மருத்துவிச்சி ஆர், வீடு எது, இரவில் கூப்பிட்டால் வருவாவா என்று விசாரித்து வைத்ததுதான். தோய்த்து வெயிலில் உலர்த்திய பழைய நூல்சேலைத் துண்டுகள், புது பிளேட், நூல், ஜாம் போத்தல் விளக்கு, அதற்கு ஒளித்து வைத்த கொஞ்ச மண்ணெண்ணெய் எல்லாம் ஒரு பையில் தலைமாட்டில் இருந்ததாம். மின்சாரம் இல்லாத காலம், ஊரடங்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி நிச்சயமில்லை. "அது வேறை, அந்த நேரம் வேறை வழியில்லை" என்கிறா அம்மா. அந்தப் பை முழுமையான திட்டம் என்று நான் சொல்கிறேன். ஆர் வருவார், என்ன கையில் இருக்கவேண்டும், வழி மறிபட்டால் என்ன செய்வது என்ற மூன்றும் அதில் இருந்தன.

இந்தக் குடாநாட்டில் பிரசவத்தைப் பற்றித் தமிழில் அறிவாகக் கதைப்பதும் புதிய விசயம் அல்ல. மானிப்பாயில் இருந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1850களிலேயே மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கத் தொடங்கி, பிறகு தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். 1857இல் வந்த தமிழாக்கம் ஒன்று பிரசவ மருத்துவ நூல். இணுவிலில் 1898இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று தொடங்கிய மக்லியொட் ஆஸ்பத்திரியில் எங்கள் அம்மம்மாமார் தலைமுறையே பிள்ளை பெற்றது. என் அம்மாவும் அங்கே பிறந்தவதான். ஆகவே கிளினிக்கில் "இது ஏன் டொக்டர்?" என்று கேட்பது வெளிநாட்டுப் பழக்கம் என்று ஆராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

போகும் வழி. நாங்கள் சுன்னாகம் பக்கம். காங்கேசன்துறை வீதியில் தெற்கே போனால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, வடக்கே போனால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை. எதில் கிளினிக் எடுக்கிறோமோ அங்கேதான் போவது என்று முடிவு, ஏனென்றால் பழைய குறிப்புகள் எல்லாம் அங்கே. இரண்டாவது பிள்ளை கெதியாக வந்துவிடும் என்பதால் தெரிந்த ஓட்டோக்காரர் இருவரின் இலக்கமும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. அதற்கு மேலே பெரிய எழுத்தில் 1990. அந்த இலவச அம்புலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. இரத்தம் பட்டால், தண்ணிக்குடம் உடைந்து பச்சை நிறமாக வந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால், தலையிடியோடு கண் மங்கினால், வலிப்பு வந்தால் நோவுக்குக் காத்திருக்கக்கூடாது, உடனே போகவேண்டும். நெடுந்தீவில் இருக்கும் பெண்ணுக்கு இதற்கும் முன் ஒரு கடல் இருக்கிறது. குறிகாட்டுவானுக்குப் படகு வந்து, பிறகு தரைவழி. காற்றுக் காலத்தில் அந்தப் பயணத்தை நோவோடு செய்யமுடியாது. அவளுடைய பக்கத்தின் முதல் வரி, நாளுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் ஆர் வீட்டில் வந்து தங்குவது என்பதாகத்தான் இருக்கவேண்டும். அங்கே சொந்தம் இல்லாதவள் அதை மிட்வைஃபிடம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

திட்டம் மாறினால் என்ன என்பதையும் எழுதினேன். 2016இல் எடுத்த நாடளாவிய கணக்கெடுப்பிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பிரசவம் சிசேரியன். அது தனக்கு வராது என்று எந்தப் பெண்ணும் சொல்ல முடியாது. சிசேரியன் என்றால் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரக்க வைப்பார்கள், நான் விழித்திருப்பேன். பிள்ளையை எடுத்தவுடன் முகத்தைக் காட்டுங்கோ, முடிந்தால் என் நெஞ்சில் வையுங்கோ, முடியாவிட்டால் வெளியே நிற்கும் தகப்பனிடம் சொல்லுங்கோ. 41 வாரம் முடிந்தும் நோ வராவிட்டால் மருந்து வைத்து நோவை வரப்பண்ணுவார்கள், அதற்குச் சம்மதம். பிறந்த பிள்ளைக்கு மூச்சுத் தேவை என்றால் என் விருப்பங்கள் எல்லாம் பின்னுக்கு.

அப்படி அவசரம் எதுவும் இல்லையென்றால் இரண்டு வேண்டுதல். கொடியை உடனே கவ்வாமல் குறைந்தது ஒரு நிமிடம் விடுங்கோ. அந்த நேரத்தில் பிள்ளைக்குப் போகிற இரத்தம் பிற்பாடு இரும்புச்சத்துக் குறையாமல் காக்கும். பிறகு துடைத்துவிட்டு என் மேலேயே போடுங்கோ, முதல் மணித்தியாலத்துக்குள் பால் கொடுக்கவேண்டும்.

ரொறொன்ரோத் தாள் இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. எங்களுக்கு இதற்குப் பிறகுதான் மிச்சம். ஆஸ்பத்திரியில் ஒரு நாளோ இரண்டு நாளோ. வீட்டில் துடக்கு, அதாவது பிள்ளைப்பேற்றுத் தீட்டு, கழியும் வரை 31 நாள், அங்கே தீர்மானிக்கிறவர்களும் ஒருவர் இருவர் அல்ல. ஆகவே என் பக்கத்தின் மறுபுறத்தை வீட்டாருக்காக எழுதினேன். அதை மாமிக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டியதும் நான்தான்.

பிள்ளையின் வாயில் சேனை வைப்பதில்லை. சீனித்தண்ணியும் இல்லை, தேனும் இல்லை, பொன் உரைத்ததும் இல்லை. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தேன் கொடுப்பது உயிருக்கே ஆபத்தான நோயைக் கொண்டுவரலாம். மாமிக்கு இது மனவருத்தம்தான், எங்கள் குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் தொட்டு வைப்பது வழக்கம். அந்த நல்ல மனிதர் வந்து பிள்ளையைத் தூக்கி ஆசீர்வதிக்கட்டும், வாயில் மட்டும் ஒன்றும் வேண்டாம் என்று கேட்டேன். சம்மதித்தா.

சரக்கு அரைத்த பத்தியக்கறி வேண்டும், நான் ஆசையோடு சாப்பிடுவேன். வேது வைத்துக் குளிப்பதும் எனக்கு விருப்பம், தையல் காய்ந்த பிறகு. ஆனால் தண்ணி குடித்தால் வயிறு வைக்கும் என்று தாகத்தோடு இருக்கமாட்டேன். பால் கொடுக்கிறவளுக்கு மற்றவர்களைவிடக் கூடத் தண்ணி வேண்டும். மீன், முட்டை, கீரை நிற்பாட்டுவதில்லை. வசம்பைச் சுட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. பிள்ளை பெற்றவளைப் பிடிக்கும் என்கிற கொத்திப் பேய்க்குப் பயந்து வேப்பிலையும் இரும்பும் வாசலில் வைப்பதென்றால் வைக்கட்டும், அதனால் ஆருக்கும் தீங்கில்லை.

இன்னொன்றையும் எழுதினேன். பிள்ளை பிறந்த முதல் நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பல தாய்மாருக்கு நடக்கும். அது இரண்டு கிழமையைத் தாண்டினால், நித்திரை வராவிட்டால், பிள்ளையைப் பார்க்கவே மனமில்லாவிட்டால், "கண்ணூறு" என்று சொல்லி நாவூறு கழித்துவிட்டு இருக்கக்கூடாது. வீட்டுக்கு வரும் மிட்வைஃப் அக்காவிடம் இவர் சொல்லவேண்டும், நான் சொல்லாவிட்டாலும். 1926 என்ற மனநல உதவி இலக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். இவர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். "இதை நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றார்.

மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று கர்ப்பவதிப் பதிவுக்குள், இரத்தவகையும் பென்சிலின் ஒவ்வாமையும் மேலே சிவப்பில். ஒன்று மச்சாளின் கைப்பையில். ஒன்று வீட்டில். வரும் கிளினிக்கில் டொக்டரிடம் காட்டி, துணையை விடுவார்களா என்று கேட்கவேண்டும். விடமாட்டார்கள் என்றால், எந்தக் கட்டம் வரைக்கும் மச்சாள் நிற்கலாம், உள்ளே இருக்கும்போது வெளியே தகவல் ஆர் சொல்லுவார்கள் என்று கேட்பேன்.

நீங்களும் எழுதுவதென்றால் ஏழாம் மாதத்திலேயே தொடங்குங்கள், ஒன்பதில் இருந்து எழுத நாரி நோ விடாது. மிட்வைஃப் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது இரண்டு விசயம் கேளுங்கள்: நான் போகப்போகும் ஆஸ்பத்திரியில் எதை மாற்ற முடியாது, எதைக் கேட்கலாம்? என்னோடு ஆர் வரலாம்? அவர் சொல்வதை அவர் முன்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாமியையும் அம்மாவையும் ஒன்றாக இருத்தி வாசித்துக் காட்டுங்கள், தனித்தனியாக வேண்டாம்.